முன்னாள் அதிபரின் சின்ன நாற்காலி

1831 டிசம்பரில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்கு ஒரு புது உறுப்பினர் வந்து உட்கார்ந்தார். வயது 64. வழுக்கைத் தலை, நீர் வடியும் கண்கள், எழுதும்போது நடுங்கும் கை. பெயர் ஜான் குவின்சி ஆடம்ஸ். மூன்று வருஷம்கூட ஆகவில்லை, அதே நாட்டின் அதிபராக இருந்து இறங்கி. அவருக்கு முன்னும் சரி, பின்னும் சரி, அதிபர் மாளிகையில் இருந்துவிட்டு அந்தச் சபைக்கு உறுப்பினராக வந்தவர் வேறு யாரும் கிடையாது.

பிள்ளைகளா, உங்களில் சிலர் என்னிடம் வந்து சொல்லும் கதை இப்போதெல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. டீம் லீடராக இருந்தேன் தாத்தா, கம்பெனி கைமாறிவிட்டது, என்னைவிடச் சின்னவனிடம் ரிப்போர்ட் பண்ணச் சொல்கிறார்கள், வெளியில் தலைகாட்ட முடியவில்லை என்கிறீர்கள். ஆறுதல் சொல்ல எனக்கு வராது. ஆனால் இந்த மனிதரை எனக்கு நன்றாகத் தெரியும். வருவாய்த் துறையில் மனு வாங்கும் மேசையில் காலத்தைக் கழித்தவன் நான். அவர் மேல் எனக்கு ஏன் இவ்வளவு பிரியம் என்பது போகப்போகப் புரியும்.

ஆடம்ஸ் 1767-ல் மாசசூசெட்ஸில் பிரெய்ன்ட்ரீ என்ற ஊரில் பிறந்தார். அப்பா ஜான் ஆடம்ஸ், பின்னாளில் நாட்டின் இரண்டாவது அதிபர். அம்மா அபிகெய்ல். 1775 ஜூனில், பிரிட்டனுக்கு எதிரான விடுதலைப் போரில் பங்கர் ஹில் சண்டை நடந்த அன்று, ஏழு வயதுப் பையன் அம்மாவோடு வீட்டுப் பக்கத்துக் குன்றில் ஏறி நின்று, தூரத்தில் புகை எழுவதைப் பார்த்தான். பத்து வயதில் அப்பாவுடன் கப்பலேறிப் பிரான்ஸ் போனான். 12 வயதில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினான். 14 வயதில் ரஷ்யாவுக்குப் போன அமெரிக்கத் தூதருக்குச் செயலாளனாக, பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளனாக செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போய்ச் சேர்ந்தான். பெரிய வீட்டுப் பிள்ளைக்கு எல்லாம் நடக்கும் என்பீர்கள். உண்மைதான். அந்தத் தொடக்கம் நமக்கெல்லாம் வாய்க்காது. ஆனால் அந்தத் தொடக்கம் கொண்டுவந்து கொடுத்ததை எல்லாம் 61 வயதில் அவர் பறிகொடுத்துவிட்டார். நான் சொல்ல வந்தது அதற்குப் பின்னால் உள்ள கதை.

அதற்கு முன் ஒரு சின்ன ஒத்திகையும் நடந்தது. 1803-ல் ஃபெடரலிஸ்ட் கட்சி சார்பில் அவர் செனட் சபைக்குப் போனார். அப்போது செனட்டர்களை மாநிலச் சட்டசபைதான் தேர்ந்தெடுக்கும். லூசியானா நிலப்பரப்பைப் பிரான்ஸிடமிருந்து வாங்கும் அன்றைய அதிபர் ஜெஃபர்சனின் திட்டத்தைக் கட்சி எதிர்த்தது, இவர் ஆதரித்தார். 1807-ல் பிரிட்டனுடன் மோதல் முற்றியபோது ஜெஃபர்சன் வெளிநாட்டு வணிகத்தையே நிறுத்தினார். மாசசூசெட்ஸ் துறைமுக வணிகர்களின் வயிற்றில் அடித்த திட்டம் அது. அதற்கும் இவர் கை தூக்கினார். பதவிக்காலம் முடியப் பல மாதங்கள் இருக்கும்போதே சட்டசபை அவர் இடத்துக்கு வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டது. ஆடம்ஸ் ராஜினாமாவை எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வணிகத் தடை உருப்படாத திட்டம். 1809-ல் கொண்டுவந்தவர்களே அதை நீக்கினார்கள். மனசாட்சிப்படி வாக்களிப்பவன் எப்போதும் சரியாகத்தான் வாக்களிப்பான் என்று நினைத்துவிடாதீர்கள். தன் வாக்குக்கான விலையை அவர் முணுமுணுக்காமல் கொடுத்தார் என்பது வரைக்கும்தான் எனக்கு மரியாதை.

பிறகு ஏறுமுகம். ரஷ்யாவுக்குத் தூதர். 1814 டிசம்பரில் பிரிட்டனுடனான போரை முடித்த கென்ட் உடன்படிக்கையில் முதல் ஆள். லண்டனில் தூதர். 1817 முதல் எட்டு வருஷம் அதிபர் மன்றோவின் வெளியுறவு அமைச்சர். ஸ்பெயினிடமிருந்து ஃப்ளோரிடாவைப் பெற்ற 1819 உடன்படிக்கை அவர் பேசி முடித்தது. அமெரிக்கக் கண்டங்களில் ஐரோப்பிய வல்லரசுகள் இனிமேல் புதிதாகக் குடியேற்ற நாடுகளைப் பிடிக்கக்கூடாது என்று 1823-ல் அறிவித்த மன்றோ கொள்கையிலும் பெரும்பங்கு அவருடையது. அந்தப் பதவியில் அவரைவிடத் திறமையாக யாரும் இருந்ததில்லை என்று சொல்லும் வரலாற்றாசிரியர்கள் இன்றும் உண்டு.

அதிபர் பதவி மட்டும் அவருக்குச் சரிப்பட்டு வரவில்லை. 1824 தேர்தலில் நான்கு பேர் போட்டியிட்டார்கள். ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு 99 தேர்வாளர் வாக்கு, ஆடம்ஸுக்கு 84. யாருக்கும் பெரும்பான்மை இல்லாததால் முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போனது. மாநிலத்துக்கு ஒரு வாக்கு, மொத்தம் 24. ஆடம்ஸுக்குச் சரியாக 13 விழுந்தது. சபாநாயகராக இருந்த ஹென்றி கிளே அவரை ஆதரித்தார். சில நாளில் அதே கிளேயை ஆடம்ஸ் வெளியுறவு அமைச்சராக்கினார். பேரம் நடந்ததற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் அப்படி ஒரு நியமனம் ஊர் வாயில் எப்படி விழும் என்பது அரசியல் தெரிந்த சின்னப் பையனுக்கும் தெரியும். இவருக்குத் தெரியவில்லை. ஊழல் பேரம் என்ற பழி நான்கு வருஷமும் அவரை விடவில்லை.

முதல் ஆண்டறிக்கையிலேயே சாலை, கால்வாய், தேசியப் பல்கலைக்கழகம், வானாய்வு நிலையம் எல்லாம் வேண்டும் என்றார். வானாய்வு நிலையத்தை வானத்துக் கலங்கரை விளக்கம் என்று அவர் வர்ணித்ததை எதிர்க்கட்சிக்காரர்கள் வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். தபால் துறைத் தலைவர் ஜான் மெக்லீன் உள்ளுக்குள் ஜாக்சனுக்கு வேலை செய்துகொண்டிருந்தார். எல்லாரும் சொன்னார்கள், அவரை நீக்குங்கள் என்று. துறை வேலையை ஒழுங்காகச் செய்கிறார், அரசியலுக்காக நீக்கமாட்டேன் என்றார் ஆடம்ஸ். நேர்மைதான், மறுக்கவில்லை. ஆனால் நாலு பேரை உட்காரவைத்துப் பேசி இணங்கவைக்கத் தெரியாததையும் அவர் நேர்மைக் கணக்கிலேயே எழுதிக்கொண்டார். அந்தக் குணம் உங்களில் யாருக்காவது இருந்தால் சீக்கிரம் திருத்திக்கொள்ளுங்கள். 1828-ல் ஜாக்சன் 178, ஆடம்ஸ் 83. புது அதிபரின் பதவியேற்புக்குக்கூட இவர் போகவில்லை. அடுத்த மாதமே, 1829 ஏப்ரலில், மூத்த மகன் ஜார்ஜ் நீராவிக் கப்பலில் இருந்து தண்ணீரில் விழுந்து இறந்தான்.

இப்படி ஒரு வருஷம் வந்தால் மனிதர்கள் திண்ணையில் உட்கார்ந்துவிடுவார்கள். அவரும் அப்பாவின் கடிதங்களை அடுக்கி வரலாறு எழுதலாம், மரம் நடலாம் என்றுதான் நினைத்தார். 1830-ல் அவருடைய ஊர்ப்பகுதி ஆட்கள் வந்து, பிரதிநிதிகள் சபைக்கு நிற்பீர்களா, அது உங்களுக்கு இழுக்காகத் தோன்றுமா என்று கேட்டார்கள். மக்கள் அனுப்பினால் சபை உறுப்பினராக இருப்பதில் இழுக்கு இல்லை; ஊர் நிர்வாகக் குழுவில் ஒருவராக இருப்பதிலும்கூட இழுக்கு இல்லை என்று பதில் சொன்னார். மனைவி லூயிசாவுக்கு இதில் விருப்பமில்லை. கடைசி மகன் சார்ல்ஸ் ஃபிரான்சிஸுக்கும் இல்லை. ஜெயித்த சேதி வந்த அன்று, அதிபரானபோது வந்ததைவிட இதில் எனக்கு மகிழ்ச்சி அதிகம் என்ற பொருளில் நாட்குறிப்பில் எழுதினார். அதில் கொஞ்சம் வீம்பும் இருந்திருக்கும். இருக்கட்டுமே.

சபையில் முதல் மாதமே 15 மனுக்களைக் கொண்டுவந்து வைத்தார். தலைநகர் வாஷிங்டன் இருக்கும் கொலம்பியா மாவட்டத்தில் அடிமை முறையையும் அடிமை வியாபாரத்தையும் ஒழிக்கவேண்டும் என்று பென்சில்வேனியா மக்கள் எழுதியவை. அவருடைய தொகுதிக்காரர்கள்கூட இல்லை. இன்னொன்றும் சேர்த்துச் சொன்னார்: மாவட்டத்தில் அடிமை முறையை ஒழிக்கவேண்டும் என்ற அந்தக் கோரிக்கையை நான் ஆதரிக்கவில்லை. பிறகு எதற்கய்யா கொண்டுவந்தாய் என்று யாரும் கேட்கலாம். மனு வாங்கும் மேசையில் இருந்தவனுக்கு அது புரியும். கேட்பவன் கேட்பது சரியா தவறா என்பது அடுத்த கேள்வி. முதலில் காகிதம் உள்ளே வரவேண்டும்.

அடுத்த சில வருஷங்களில் அடிமை ஒழிப்பு இயக்கம் வளர்ந்தது. மனுக்கள் ஆயிரக்கணக்கில் வர ஆரம்பித்தன. கையெழுத்துப் போட்டவர்களில் பெரும்பகுதி பெண்கள். வாக்குரிமை இல்லாதவர்களுக்கு மனு ஒன்றுதான் வழி. தென் மாநில உறுப்பினர்களுக்குப் பொறுக்கவில்லை. 1836 மே மாதம் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்கள். அடிமை முறை பற்றிய எந்த மனுவையும் அச்சிடக்கூடாது, குழுவுக்கு அனுப்பக்கூடாது, அதன்மேல் விவாதம் கூடாது, அப்படியே ஒதுக்கிவைத்துவிட வேண்டும் என்பதுதான் அது. 117-க்கு 68 என்று நிறைவேறியது. வாய்ப்பூட்டுத் தீர்மானம் என்றே அதற்குப் பெயர் விழுந்தது. படிக்காமலே மனுவைக் கோப்பில் செருகுவது எந்த ஊர் அலுவலகத்துக்கும் புதிதல்ல. அதற்கென்று ஒரு விதி எழுதி வாக்கெடுப்பு நடத்தியவர்கள் அவர்கள்தான். வாக்கெடுப்பில் தன் பெயர் கூப்பிட்டபோது ஆடம்ஸ் எழுந்து, இது அரசியல் சட்டத்துக்கும், சபை விதிகளுக்கும், என்னை அனுப்பியவர்களின் உரிமைக்கும் நேர் எதிரானது என்றார். உட்கார், உட்கார் என்று கத்தினார்கள்.

எட்டு வருஷம் அவர் உட்காரவில்லை. அவருடைய முறையைக் கவனியுங்கள். ஆரம்பத்தில் அந்தத் தீர்மானத்தை ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் புதிதாக நிறைவேற்ற வேண்டியிருந்தது. கூட்டம் தொடங்கியதற்கும் அது நிறைவேறுவதற்கும் இடையில் கிடைக்கும் சில நாளில் கட்டுக்கட்டாக மனுக்களைக் கொண்டுவந்து படிப்பார். சபை விதிகள் அத்தனையும் அவருக்கு அத்துபடி. 1837 பிப்ரவரியில் ஒருநாள், என்னிடம் 22 அடிமைகள் எழுதியதாகச் சொல்லும் ஒரு மனு இருக்கிறது, இது அந்தத் தீர்மானத்தில் வருமா என்று சபாநாயகரிடம் பவ்யமாகக் கேட்டார். சபை கொந்தளித்தது. அடிமைகளிடம் மனு வாங்குவதா, வெளியே தள்ளு, கண்டனம் போடு என்று கூச்சல். நெடுநேரம் கத்தவிட்டுப் பிறகு சொன்னார்: அந்த மனு அடிமை முறையை ஒழிக்கச் சொல்லவில்லை, அதற்கு நேர்மாறானதைக் கேட்கிறது. 70 வயதை நெருங்கிய மனிதருக்கு இவ்வளவு குறும்பு ஆகாது என்று சிலர் சொல்லக்கூடும். நான் அந்தப் பக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன்.

1842 ஜனவரியில் விவகாரம் பெரிதானது. மாசசூசெட்ஸின் ஹேவரில் ஊரிலிருந்து 46 பேர், அமெரிக்க ஒன்றியத்தை அமைதியாகக் கலைத்துவிடுங்கள் என்று மனு அனுப்பினார்கள். ஆடம்ஸ் அதற்கு முழு எதிரி. ஏன் இதை ஏற்கமுடியாது என்று காரணம் எழுதி அவர்களுக்குப் பதில் அனுப்ப ஒரு குழுவிடம் கொடுங்கள் என்றுதான் கேட்டார். தேசத்துரோகம் என்று எழுந்தார்கள். முன்னாள் அதிபர் மேல் கண்டனத் தீர்மானம். உடனே அவர், சுதந்திரப் பிரகடனத்தின் தொடக்கத்தைப் படியுங்கள் என்று சபை எழுத்தரைக் கேட்டுக்கொண்டார். இரண்டு வாரம் தனக்காகத் தானே வாதாடினார். கண்டனம் போட வந்தவர்களின் பழைய கதைகளை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து விரித்தார். இன்னும் பேச வேண்டியது பாக்கி இருக்கிறது என்று அவர் சொன்னபோது சபைக்குத் தெம்பில்லை. 106-க்கு 93 என்று தீர்மானத்தைக் கைவிட்டார்கள். அவர் அன்றைக்கே அடுத்த மனுக்கட்டைப் பிரித்தார். 1844 டிசம்பர் 3-ம் தேதி வாய்ப்பூட்டையே 108-க்கு 80 என்று சபை நீக்கியது. நீக்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்தவரும் ஆடம்ஸ்தான்.

இடையில் அமிஸ்டாட் வழக்கு வந்தது. ஆப்பிரிக்காவில் பிடிபட்டுக் கியூபாவில் விற்கப்பட்ட 53 பேர், 1839-ல் தங்களை ஏற்றிச் சென்ற அமிஸ்டாட் கப்பலிலேயே எழுந்து மாலுமிகளை அடக்கினார்கள். ஊர் திரும்பக் கிழக்கே ஓட்டு என்றார்கள். கப்பலோட்டத் தெரிந்த ஸ்பானியர்கள் இரவில் திசையை மாற்றி ஓட்டி அமெரிக்கக் கரைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இவர்கள் எங்கள் சொத்து என்றது ஸ்பெயின். அமெரிக்க அரசு அதன் பக்கம் நின்றது. கீழ் நீதிமன்றங்களில் தோற்ற அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆடம்ஸிடம் வந்து கேட்டபோது, நீதிமன்றம் ஏறி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, எனக்கு வயது 73, கண் தெரியவில்லை, கை நடுங்குகிறது என்று முதலில் தயங்கினார். பிறகு ஒப்புக்கொண்டு நியூ ஹேவனுக்குப் போய் அவர்களைச் சிறையில் பார்த்தார். காவலில் இருந்தபடியே ஆங்கிலம் கற்ற காலே என்ற பையன் அவருக்குக் கடிதம் எழுதினான். 1841 பிப்ரவரி 24-ம் தேதி நான்கரை மணி நேரம் வாதாடினார். அன்றிரவு நீதிபதி ஒருவர் இறந்துபோனதால் வழக்கு தள்ளிப்போனது. மார்ச் 1-ம் தேதி இன்னும் நான்கு மணி நேரம். நீதிமன்றச் சுவரில் மாட்டியிருந்த சுதந்திரப் பிரகடனத்தைக் கையால் சுட்டிக்காட்டி, இதைத் தவிர இவர்களுக்கு வேறு சட்டம் எனக்குத் தெரியாது என்ற பொருளில் பேசினார். மார்ச் 9-ம் தேதி தீர்ப்பு வந்தது. அவர்கள் சுதந்திர மனிதர்கள். பலர் வழியிலும் காவலிலும் செத்துப்போயிருந்தார்கள். எஞ்சிய 35 பேர் அந்த வருஷக் கடைசியில் ஊருக்குக் கப்பலேறினார்கள். அவர்களை அனுப்பிவைக்க அரசு காசு கொடுக்கவில்லை, ஆதரவாளர்கள் திரட்டியது.

அதிபராக இருந்து முடியாத வேலைகளும் இந்தச் சின்ன நாற்காலியில் முடிந்தன. அமெரிக்காவையே பார்த்திராத ஜேம்ஸ் ஸ்மித்சன் என்ற ஆங்கிலேயர், அறிவை வளர்க்க ஒரு நிறுவனம் அமைக்கச் சொல்லித் தன் சொத்தை அந்நாட்டுக்கு எழுதிவைத்திருந்தார். ஐந்து லட்சம் டாலருக்கு மேல். அந்தப் பணத்தைக் கொண்டுபோய் அரசு ஆர்கன்சா மாநிலக் கடன் பத்திரங்களில் போட, அந்த மாநிலம் கையை விரித்தது. போனதை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஈடுகட்டித்தான் ஆகவேண்டும் என்று ஆடம்ஸ் வருஷக்கணக்கில் மல்லுக்கட்டினார். 1846-ல் ஸ்மித்சோனியன் நிறுவனம் பிறந்தது. எல்லாரும் கேலி செய்த வானாய்வு நிலையமும் வந்தது, வேறோர் ஊரில். 1843 நவம்பரில், 76 வயதில், குளிரில் ரயிலிலும் படகிலும் ஒஹையோ வரைக்கும் பயணம் செய்து சின்சினாட்டி வானாய்வு நிலையத்துக்கு அடிக்கல் நாட்டினார்.

கும்பிட்டு மாலை போடுவதற்காக இதையெல்லாம் சொல்லவில்லை. அவரிடம் நான் ஏற்காதவையும் நிறைய. அடிமை முறை தீமை என்று நாட்குறிப்பில் எழுதிக்கொண்டே, பதவியில் இருந்த காலமெல்லாம் வெளியே வாயைத் திறக்கவில்லை. கிரீக் பழங்குடி மக்களின் நிலத்தை மோசடி ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருக்கிறார்கள் என்று தெரிந்து புது ஒப்பந்தம் போட்டார். ஆனால் ஜார்ஜியா மாநிலம் முறைத்தபோது விட்டுக்கொடுத்துவிட்டார். அந்த மக்கள் நிலத்தை இழந்தார்கள். வீட்டில் இன்னும் மோசம். ஹார்வர்டில் படித்த மகனுக்கு, வகுப்பில் முன்னுக்கு வரும்வரை விடுமுறைக்கு வீட்டுப்பக்கம் வராதே என்று எழுதிய அப்பா அவர். மூத்தவன் போன ஐந்து வருஷத்தில் இரண்டாவது மகனும் போய்விட்டான். இருவருக்கும் குடிப்பழக்கம் இருந்தது. தன் அம்மா அப்பா தன்னை வளர்த்த கண்டிப்பை அப்படியே பிள்ளைகள்மேல் இறக்கிவைத்தார். லூயிசாவைப் பற்றியும் ஒரு வரி. கணவர் கென்டுக்குப் போய்விட, ரஷ்யாவில் தனியாக இருந்த அந்த அம்மா, 1815 குளிர்காலத்தில் ஏழு வயது மகனை வண்டியில் ஏற்றிக்கொண்டு, போரில் சிதைந்த ஐரோப்பாவின் குறுக்கே நாற்பது நாள் பயணம் செய்து பாரிஸில் அவரிடம் போய்ச் சேர்ந்தார். அந்தக் குடும்பத்தில் துணிச்சல் யாருக்கு அதிகம் என்று கேட்டால் நான் அந்த அம்மா பெயரைத்தான் சொல்வேன்.

1848 பிப்ரவரி 21-ம் தேதி, மெக்சிகோ போரில் ஜெயித்த தளபதிகளுக்கு நன்றி சொல்லும் தீர்மானம் சபைக்கு வந்தது. அந்தப் போரே அநியாயம் என்று எண்ணிய 80 வயதுக் கிழவர் கூடாது என்று உரக்கச் சொன்னார். சற்று நேரத்தில் இருக்கையிலேயே சாய்ந்தார். தூக்கிக்கொண்டுபோய்ச் சபாநாயகர் அறையில் கிடத்தினார்கள். 23-ம் தேதி அங்கேயே உயிர் போனது. இறுதிச் சடங்குக்கு அமைத்த குழுவில் இல்லினாய்ஸிலிருந்து வந்த ஒரு புது உறுப்பினர் இருந்தார். பெயர் ஆபிரகாம் லிங்கன். போர் வந்தால் அடிமைகளை விடுவிக்கும் அதிகாரம் அரசுக்கு உண்டு என்று ஆடம்ஸ் சபையில் முன்பே வாதாடியிருந்தார். 1863-ல் லிங்கன் விடுதலைப் பிரகடனம் வெளியிட்டபோது அவர் எடுத்துக்கொண்டதும் போர்க்கால அதிகாரத்தைத்தான்.

அவருடைய நாட்குறிப்பு 51 தொகுதிகள், பதினாலாயிரம் பக்கங்களுக்கு மேல். மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கம் அதைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கிறது, காசு கேட்பதில்லை. நேரம் கிடைக்கும்போது எடுத்துப் பாருங்கள். அதிபராக இருந்த நான்கு வருஷத்தைத் தாண்டிவிடுங்கள், அதில் புலம்பல்தான் அதிகம். 1831 டிசம்பரிலிருந்து படியுங்கள்.